எல்லோருக்கும் எட்டு மணி

நீங்கள் செய்த இணையப் பக்கத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒருவர், "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி எழுந்தால், அவரை உடனே போகவிடாதீர்கள். சந்தேகப்படுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டும் நம் ஊரில் அதையேதான் சொல்கிறோம். வீட்டுக்காரர்கள் மனம் நோகக் கூடாது. அதே மரியாதையை அவர்கள் நம் பக்கத்துக்கும் தருகிறார்கள். அதை நம்பித்தான் நாம் மோசம் போகிறோம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசுவது எனக்கு என்றுமே வந்ததில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இந்த வருடம் கண் சரியில்லாமல் போனதால் ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அதனால் உங்களில் பலர் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். இந்த நிறுவனத்தில் வரவேற்பு மேசையில்தான் சேர்ந்தேன். பிறகு வெளியாட்களை அழைத்துவந்து, நாம் செய்த இணையதளங்களை அவர்கள் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் வழக்கம் வந்தது. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது என் வேலை. என்ஜினியர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வாயைத் திறக்காதவர்கள், நான் உட்கார்ந்தால் பேசினார்கள். நான் பேசாமல் இருந்ததுதான் காரணம். பக்கத்தில் ஓர் ஆள் பேசாமலே உட்கார்ந்திருந்தால் நம்மவர்களுக்குப் பொறுக்காது; ஏதாவது சொல்லித்தான் ஆவார்கள். கூச்சத்தால் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்றால் அது எனக்குத்தான்.

சந்தேகப்படக் கற்றுக்கொண்டது பெருந்துறைக்காரர் ஒருவரால். பம்புசெட் கடை வைத்திருந்தார். ஒரு மோட்டார் கம்பெனியின் பக்கத்தைத் திறந்துவைத்து, உதிரி பாகம் ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னோம். குளிரூட்டிய அறையில் அவருக்கு வேர்த்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டதும், "அருமையா இருக்குதுங்க. ரொம்ப சுலுவுங்க" என்றார். என்ஜினியர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். நான் வாசல்வரை வழியனுப்பப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் குனிந்தபடி கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, அந்த சாமான் கடைசி வரைக்கும் எங்கதானுங்க இருந்துச்சு?"

அதன்பிறகு யார் வந்தாலும் வாசல்வரை போவதை நான் விட்டதில்லை.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் சர்க்கரை நோய்க்கென்று இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். டாக்டரைப் பார்க்க நேரம் வேண்டுமென்றால் அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் ஸ்டெல்லாவுக்குத்தான் போன் செய்ய வேண்டும். அதை மாற்றி, வீட்டில் இருந்தபடியே மொபைலில் பதிவு செய்துகொள்ள நாங்கள் ஒரு பக்கம் செய்து கொடுத்தோம். பெயர், போன் எண், டாக்டர், தேதி, நேரம். அவ்வளவுதான்.

திறந்துவிடுவதற்கு முன் ஆட்களை அழைத்து ஓட்டிப் பார்த்தோம். வந்தவர்கள் ஒருவர் விடாமல் கடைசிவரை போய்ப் பதிவு செய்தார்கள். யாரும் திணறவில்லை. யாருக்கும் வேர்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவராவது தடுக்கிக்கொள்ளாத பக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தைச் செய்த என்ஜினியர் கார்த்திக்கிடம் சொன்னேன்.

"எல்லாரும் பாஸ் ஆனதுக்கு வருத்தப்படற ஒரே ஆள் நீங்கதான்க்கா" என்று சிரித்தார்.

பக்கத்தைத் திறந்து சில வாரங்கள் ஆனபிறகு மருத்துவமனையின் மேலாளர் எங்களை வரச் சொன்னார். கார்த்திக்கும் நானும் போனோம். மேலாளர் நல்ல சுறுசுறுப்பானவர். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வரும். கையைக் காட்டிவிட்டு எடுத்துப் பேசுவார். வைத்துவிட்டு, விட்ட இடம் தெரியாமல் வேறு இடத்தில் ஆரம்பிப்பார். அன்று கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இதப் பாருங்க. வெப்ல வர்ற புக்கிங்ல பாதிக்கு மேல கேன்சல். யாரு கேன்சல் பண்றாங்க? பேஷண்ட்டா? இல்ல. நம்ம ரிசப்ஷன்ல இருந்தே. கேன்சல் பண்ணிப்போட்டு, அதே ஆளுக்கு வேற நேரத்துல அவளே புதுசா போடறா."

"யாருங்க சார்?" என்றார் கார்த்திக்.

"ஸ்டெல்லா. வேற யாரு? வெப்பு நல்லா ஓடுச்சுன்னா அவளுக்கு இங்க என்ன வேலை? அந்த பயம்." சற்றுக் குரலைத் தணித்தார். "அது மட்டும்னு நெனைக்காதீங்க. நல்ல நல்ல நேரத்தையெல்லாம் அவ ஆளுகளுக்கு ஒதுக்கறாளோன்னு எனக்கொரு டவுட்டு. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாத்துப் பேசி வெச்சுக்குவாங்களாட்ட இருக்குது."

ஸ்டெல்லாவின் அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக் கூலிக்குப் போனவர்கள் என்பதையும் நாங்கள் கேட்காமலே சொன்னார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் சம்பந்தம் இருப்பதுபோலத்தான் அவர் சொன்னார்.

"உங்க டெஸ்ட்ல எல்லாரும் பாஸ். அப்பறம் கோளாறு எங்க? ஆளுலதான். உங்க பக்கத்துல ஒரு கோளாறும் இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க. அதை வெச்சு இந்த மாசத்தோட அவளை அனுப்பிப்போடறேன். சும்மா அனுப்பினா நாளைக்கு ஆளுகளைக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க பாருங்க, அதுக்குத்தான்."

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் கார்த்திக் சொன்னார்: "குடுத்துரலாங்க்கா. நம்ம பக்கத்துல கோளாறு இல்லைங்கறது உண்மைதான?"

உண்மையாக இருக்கலாம். எனக்கு அங்கே யாரையும் நம்பத் தோன்றவில்லை. மேலாளரை நம்பவில்லை, ஒரு சம்பளத்தைக் குறைக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அதை எங்கள் கையெழுத்தோடு வாங்கப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. கார்த்திக்கை நம்பவில்லை, கோளாறு இல்லை என்று எழுதுவதில் அவருக்கு லாபம் உண்டு. எல்லோரும் பாஸான எங்கள் சோதனையையும் நம்பவில்லை. ஸ்டெல்லாவை? அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் வருடக்கணக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள் நான். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு யாருக்கும் தெரியாமல் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். ஒருவரை முன்னால் விடலாம், ஒருவரைக் காக்கவைக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆக அவரையும் நான் நம்பவில்லை.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில அந்த மேசைகிட்ட உக்காந்துட்டு வந்தர்றேன்" என்றேன்.

"வேவு பாக்கப் போறீங்களாக்கா?"

"ஆமாம்" என்றேன்.

ஸ்டெல்லாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவமனையில் கொடுத்த பச்சைப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. போய் நின்றதுமே எழுந்துகொண்டார்.

"வாங்கக்கா. வெப்சைட்டு ஆபீசுங்களா? சார் சொன்னாருங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" நாற்காலியை எனக்குத் தள்ளிப்போட்டுவிட்டு, "என்ன பாக்கோணுமோ பாருங்கக்கா. மறைக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லீங்க" என்றார்.

கேட்காமலே ஒருவர் மறைக்க ஒன்றுமில்லை என்று சொன்னால் என் மனம் உடனே தேட ஆரம்பித்துவிடும். அன்றும் ஆரம்பித்தது.

போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை எடுத்ததும் ஸ்டெல்லா என்னை விட்டுத் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். ஒரு பக்கத்துப் பேச்சுதான் எனக்குக் கேட்டது. "தெரியுதுங்க... பயப்படாதீங்க... யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க, நான் மாத்தி வெச்சர்றேன்... சரிங்க, வாங்க." போனை வைத்தவுடன் திரையில் ஒரு பதிவைத் திறந்தார். மொபைலில் வந்த பதிவு. ரத்து செய்தார். அதே பெயரை வேறு நேரத்தில் புதிதாகப் போட்டார். மேலாளர் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நடந்தது.

"எதுக்குங்க அம்மணி அதைக் கேன்சல் பண்ணுனீங்க?"

"அவங்க கேட்டாங்கக்கா. மாத்திக் குடுத்தேன்."

"அவங்களே வெப்ல மாத்திக்கலாமில்ல?"

"மாத்திக்கலாமுங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் பேசுவார் என்பதுதானே என் தொழில். ஸ்டெல்லா பேசவில்லை. அவருக்கும் மேசை வேலைதான்; அந்த வித்தை அவருக்கும் தெரிந்திருந்தது. தலைக்குமேல் இருந்த கேமராவை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"வெப்சைட்டு எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்கக்கா."

மேலாளர் சொன்னது சரிதான் என்று அப்போது பாதிக்குமேல் நம்பிவிட்டேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று போனில் ஏன் சொல்ல வேண்டும்? சுவரைப் பார்த்து ஏன் பேச வேண்டும்? எழுந்து வந்துவிடலாம், மேலாளர் கேட்ட அறிக்கைக்குச் சரி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போவது மனதை உறுத்தியது. இன்னொரு பக்கம் யார் பேசினார்கள்? அப்படிக் கேட்டவர்களில் சிலர் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நேரம் மாற்றி வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு நாள் இங்கே வந்துதானே ஆக வேண்டும்.

இன்று வருகிறவர்களில் நேரம் மாற்றியவர் யாராவது உண்டா என்று கேட்டேன். ஸ்டெல்லா தயங்கவில்லை. மூன்றாவது வரிசையைக் காட்டினார். "கொடுமுடிக்காரங்க. அந்த அண்ணனும் அவங்க ஊட்டம்மாவும்."

நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், மடியில் துணிப்பையோடு அவர் மனைவி. சர்ச்சில் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டவர்கள் இவர்கள் இல்லை என்பதற்கு யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பழக்கப்படி எதுவும் பேசவில்லை. அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களும் சக்கரைக்குங்களா?"

"இல்லீங்க. அந்த மொபைல்ல நேரம் போடறாங்கல்ல, அதைச் செஞ்ச ஆபீசுங்க."

"அப்புடிங்களா! நானேதானுங்க போட்டேன். இவருக்கு அதெல்லாம் வராது."

"எனக்கு வராதா? என்ர போன்லதான போட்ட?" என்றார் கணவர்.

"போனு உங்குளுது. வெரலு என்ரது." அவர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு என்னிடம், "நல்லா இருக்குதுங்க அம்மணி. ரொம்ப நல்லா இருக்குது" என்றார்.

அந்த வார்த்தை வந்துவிட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா பையின் காதை முறுக்கினார்.

"எட்டு மணிக்கு வரச் சொல்லிப்போட்டாங்க. அதுதானுங்க கொஞ்சம்..."

"யாருங்க எட்டு மணிக்கு வரச் சொன்னது?"

"மொபைல்லதானுங்க. தேதியத் தொட்டதும் எட்டு மணின்னு போட்டு வெச்சிருந்தாங்க. கொடுமுடியில இருந்து ஈரோடு வந்து பஸ் மாறி எட்டுக்கு இங்க நிக்கோணும்னா நடுச்சாமத்துல கெளம்போணும். இவரு நேரத்துக்குத் திங்கலீன்னா பஸ்ஸுலயே மயங்கிருவாரு. போன தடவ பெருந்துறைகிட்ட அப்படித்தான் ஆயிப்போச்சு. அப்பறம் அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணிக் கெஞ்சிக் கேட்டனுங்க. பதினொரு மணிக்கு மாத்திக் குடுத்துச்சு. தங்கமான புள்ள."

"ஏனுங்க, பக்கத்துல ஒரு அம்புக்குறி இருந்திருக்குமே. அதைத் தொட்டா வேற நேரம் எல்லாம் வந்திருக்குமே."

"பாத்தனுங்க. தொட்டும் பாத்தேன். பதினொன்னு, பன்னெண்டு எல்லாம் இருந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க மாத்தலை?"

அந்தம்மா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"டாக்டரு நமக்குன்னு ஒரு நேரம் குடுத்திருக்கறப்ப, அதைத் தள்ளிப்போட்டு நாமளா ஒண்ணைப் போட்டா நல்லாவா இருக்கும்? மருவாதியில்லீங்களே. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான மாத்தோணும்? அதான் போன் பண்ணிக் கேட்டேன். 'நான் மாத்துனேன்னு டாக்டருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு'ன்னும் சொன்னேன்."

உங்களுக்குப் புரிந்திருக்கும். தேதியைத் தொட்டதும் அன்றைக்குக் காலியாக இருக்கும் முதல் நேரத்தை எங்கள் பக்கம் தானாகவே நிரப்பிவைத்தது. ஒரு தொடுகை மிச்சம் என்று நாங்கள் அதைப் பெருமையாக நினைத்திருந்தோம். நிரப்பிவைத்த கட்டத்தை அவர்கள் டாக்டர் தங்களுக்கென்று கொடுத்த நேரமாக எடுத்துக்கொண்டார்கள். மாற்றத் தெரியாமல் இல்லை. பந்தியில் இலையில் வைத்துவிட்டதை, 'இது வேண்டாம், அதை வை' என்று கேட்காத ஊர்க்காரர்கள். முதலில் சரி என்று வாங்கிக்கொண்டார்கள். பிறகு, மனிதர் ஒருவரிடம் போன் செய்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் மாற்றிக் கேட்டார்கள். டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினார்கள். ஸ்டெல்லா சுவரைப் பார்த்துப் பேசியதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அலுவலகத்துக்குத் திரும்பி, எங்கள் சோதனையில் எடுத்துவைத்திருந்த வீடியோப் படங்களைப் போடச் சொன்னேன். கார்த்திக் முனகிக்கொண்டே போட்டார். ஒவ்வொருவராகப் பார்த்தோம். தேதியைத் தொடுகிறார்கள். எட்டு மணி வருகிறது. விரல் ஒரு கணம் நிற்கிறது. அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அடுத்தவர், எட்டு மணி. அதற்கடுத்தவர், எட்டு மணி.

"சோதனைப் பக்கத்துல பதிவு சேமிக்காது. அதனால எல்லாருக்கும் மொத நேரம்தான் வரும்" என்றார் கார்த்திக்.

"வரும். ஆனா எல்லாருக்குமா எட்டு மணி வசதிப்படும்?"

"காலையிலயே பாத்துட்டுப் போயிடலாம்னு நெனைப்பாங்கக்கா."

"இதுல ஒருத்தங்க பள்ளிக்கூட டீச்சர். எட்டு மணிக்கு அவங்க பஸ்ஸுல இருக்கோணும்."

கார்த்திக் படத்தை மறுபடி ஓட்டினார். அவர் நல்ல மனிதர். தன் வேலையில் குறை என்று தெரிந்தால் முகம் வாடும், ஆனால் மறைக்கமாட்டார். அவராகவே இன்னொன்றும் சொன்னார். போட்ட பதிவின் நேரத்தை நகர்த்த மேசைக்கு வழி வைக்கவில்லை. நேரம் மாற்ற வேண்டுமென்றால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட முடியும். மேலாளர் திரையில் பார்த்த அத்தனை ரத்தும் நாங்கள் செய்துவைத்த வழியில் நடந்தவைதான்.

நேரக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'உங்களுக்கு வசதியான நேரத்தைத் தொடுங்கள்' என்று மட்டும் எழுதி, வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தோம். முதலில் வந்தவர் அந்த இடத்தில் வந்ததும் நின்றார். நெற்றியைச் சுருக்கினார். மனைவிக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கெழம பையனை டியூசன்ல விடறது நீயா நானா?" என்று கேட்டார். பிறகு நாலரை மணியைத் தொட்டார். இத்தனை நாளில் அன்றுதான் அந்தப் பக்கத்தில் ஒருவர் தடுமாறுவதைப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனோம். ஸ்டெல்லாவையும் வரச் சொல்லியிருந்தார். அவரை உட்காரச் சொல்லவில்லை, கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். கார்த்திக் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். ரத்து விஷயத்தில் தவறு எங்களுடையது என்றும் சொன்னார். மேலாளர் நடுவில் இரண்டு போன் பேசினாலும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. அதனால்தான் அடுத்த கேள்வி வந்தது.

"சரி. எட்டு மணி விஷயம் புரிஞ்சுது. சரி பண்ணிக் குடுங்க. ஆனா ஒண்ணு. நாள் பூராவும் இந்தப் போனை எடுக்கறவ இவ. எட்டு மணிதான் பிரச்சினைன்னு இவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?" நேராக என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்க. வேணும்னே சொல்லாம விட்டிருக்கா. அப்படித்தான?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை என்று சொன்னால் பொய். அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டுதான் அங்கே போனேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிற மேசையிலிருந்து யாரும் ஆளை எடுக்க மாட்டார்கள். அது அந்த மேசையில் இருப்பவருக்குத் தெரியும். மாற்றிக்கொள்ளலாமே என்று நான் கேட்டபோது, 'மாத்திக்கலாமுங்க' என்று நிறுத்திக்கொண்டவர் ஸ்டெல்லா. வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம் என்ற சந்தேகம் என் மனதில் கல்லுப்போல இருந்தது.

நான் தலையை மெல்ல ஆட்டினால் போதும். அதோடு அவர் வேலை போய்விடும். கார்த்திக் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

"பாத்ததைத்தானுங்க சார் நான் சொல்ல முடியும்" என்றேன். "போன் வந்துச்சு. எடுத்தாங்க. அவங்க கேட்ட மாதிரி நேரத்தை மாத்திக் குடுத்தாங்க. மனசுல என்ன நெனச்சாங்கன்னு நான் பாக்கலீங்க. அதை நான் சொல்லக் கூடாதுங்க. அவங்க இங்கதான நிக்கறாங்க சார். அவங்களையே கேளுங்க."

அந்த அறையில் அதுவரை யாரும் ஸ்டெல்லாவை எதுவும் கேட்டிருக்கவில்லை. மேலாளர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்க சார்" என்றார் ஸ்டெல்லா.

"எப்ப சொன்ன?"

"தொறந்த மொத வாரமுங்க. கீழ லிஃப்ட்டுகிட்ட. 'என்ன ஸ்டெல்லா, வெப்சைட்டு நல்லா இருக்குதா?'ன்னு கேட்டீங்க. 'நல்லா இருக்குதுங்க சார், ஆனா அந்த நேரம் மட்டும்'னு ஆரம்பிச்சேனுங்க. உங்களுக்குப் போன் வந்துருச்சு. கையைக் காட்டிப்போட்டு லிஃப்ட்டுக்குள்ள போயிட்டீங்க."

"அப்பறமாச்சும் வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலீங்களே சார்."

குரலில் குத்தல் இல்லை. மரியாதை குறையவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'சார்' இருந்தது.

நான் மேலாளர் முகத்தைப் பார்த்தேன். அவர் தேடிக்கொண்டிருந்தார். எந்த வாரம், எந்த லிஃப்ட், எந்த போன்? ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் எத்தனையோ விஷயம் அப்படிக் கேட்டிருப்பார். எத்தனையோ தடவை அப்படிக் கையைக் காட்டியிருப்பார். நடந்ததாக அவருக்கு நினைவில்லை. நடக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. மேசைமேல் இருந்த மொபைல் அந்த நேரம் பார்த்து அதிர்ந்தது. அதை எடுக்கப் போன கையை அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரி" என்றார் கடைசியில். "போங்க. கீழ யாரும் இல்லை, போய்ப் போனைப் பாருங்க."

அதுவரை அவர் வாயில் 'அவ', 'இவ' என்றே இருந்த ஸ்டெல்லாவுக்கு அன்று 'போங்க' கிடைத்தது. வேலையும் இருந்தது.

நாங்கள் கொடுத்த அறிக்கையில் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதினோம். நேரத்தை நிரப்பிவைக்கக் கூடாது. நேரத்தை நகர்த்த மேசைக்கு வழி வேண்டும். மேசையில் இருப்பவர் வாரம் ஒரு முறை எங்களோடு நேரடியாகப் பேச வேண்டும். ஆட்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். நம் தொழிலில் சந்தேகம் இல்லாமல் முடியாது. ஆனால் அதைக் கட்டத்தின்மேல், பொத்தானின்மேல், நம் சோதனையின்மேல் வையுங்கள். அங்கே எவ்வளவு வைத்தாலும் யாருடைய சோறும் போகாது. ஆட்கள்மேல் வருகிற சந்தேகம் நிற்காமல் வரும், எனக்கும் வரும். அதைக் காகிதத்தில் இறக்குவதற்கு முன்னால், கண்ணால் எதைப் பார்த்தோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு பேச்சு நடந்ததா? எனக்கு இன்றும் சந்தேகம்தான். நடந்திருக்கலாம். முதல் பாதியைக் கேட்டுவிட்டு மறுபாதிக்கு நிற்காமல் போகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். நடக்காமலும் இருந்திருக்கலாம். மேலாளரால் மறுக்கவே முடியாத ஒரே பதில் அதுதான் என்பதை, தினமும் அவரைப் பார்க்கிற ஒருவரால் கதவோரம் நின்றபடியே கண்டுபிடித்துவிட முடியும்.

அன்று கீழே வரும்போது லிஃப்ட்டில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும்தான் இருந்தோம். கார்த்திக் மேலே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னை வேவு பாக்கத்தான வந்தீங்கக்கா அன்னைக்கு?" என்றார் ஸ்டெல்லா.

"ஆமாங்க."

"தெரியுமுங்க. அதான் டீ நல்லா போடச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மாடி எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பேசாமல் நின்றேன். கதவு திறந்ததும் தூரத்தில் மேசையில் போன் அடிப்பது கேட்டது. ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் கேக்கோணுங்களாக்கா?"

கேள்வி தொண்டைவரை வந்தது.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்றேன். "போன் அடிக்குது, போங்க."